கார்ட் பந்தய எஞ்சினைக் காக்கும் ‘ஐட்லிங்’: கார்புரேட்டர் சரிசெய்தல் ஏன் முக்கியம்?

கார் பந்தயத்தில் கால்பதிக்கும் சிறுவர்கள் பலருக்கு முதல் படி கார்ட் பந்தயமே. வாகனம் சிறியது என்றாலும் அதன் எஞ்சின் நுட்பமானது. கார்புரேட்டரைத் தவறாகச் சரிசெய்தால், ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே பிஸ்டன் இறுகி நின்றுவிடக்கூடும்.

பெட்ரோலுடன் கலந்த ஆயில்

இந்தியக் கார்ட் போட்டிகளில் பயன்படும் ரோட்டாக்ஸ் மேக்ஸ், 125 சிசி திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். இவ்வகையில் பிஸ்டனுக்கான ஆயில் பெட்ரோலுடனேயே கலக்கப்படுகிறது. 50-க்கு 1 என்ற விகிதத்தில், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் ஆயில் சேர்க்கப்படும். எனவே, எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். வெப்பமும் உராய்வும் ஒருசேர அதிகரிக்கும்.

நேர்ப்பாதையின் முடிவில் சோதனை

முழு வேகத்தில் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். இடைநிலை வேகத்தில் ஊசி. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஐடில் ஜெட்.

வாகனம் நிற்கும்போது எஞ்சின் அணையாமல் ஓடுவதே ஐட்லிங் என்பது பொதுவான கருத்து. ஆனால், அதன் உண்மையான சோதனை நேர்ப்பாதையின் முடிவில்தான் வருகிறது. வளைவுக்காக ஓட்டுநர் காலை எடுத்ததும் மெயின் ஜெட்டின் பங்கு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எஞ்சினோ இன்னும் அதிவேகத்தில் சுழன்று கொண்டிருக்கிறது. அந்தச் சில நொடிகளில் பிஸ்டனுக்கு எட்டும் ஆயில், பெரும்பாலும் ஐடில் ஜெட் வழியாக வருவதே. அது போதாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரங்கள் திடீரெனப் பூட்டிக்கொண்டு கார்ட் சுழலும் அபாயமும் உண்டு.

கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து

ஐட்லிங் வேகம் மிகக் குறைவாக இருந்தால், மெதுவான வளைவுகளில் எஞ்சின் அணைந்துவிடும். மிக அதிகமாக இருந்தால் கிளட்ச் பிடித்து, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே கார்ட் நகரும். அருகில் நிற்கும் மெக்கானிக்குகளுக்கு இது ஆபத்தானது. திருகைத் தொடாதபோதும் ஐட்லிங் வேகம் தானாக ஏறினால், எங்கோ காற்று கசிகிறது என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். அப்போது திருகைச் சரிசெய்வது தீர்வாகாது. கசிவைக் கண்டறிய வேண்டும்.

இடம் மாறினால் ஜெட்டும் மாறும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. வெப்பநிலை ஒன்றாக இருந்தால், கோவையின் காற்று அடர்த்தி அதிகம். பெங்களூருவில் சரியாக இருந்த அதே ஜெட்டுடன் கோவையில் ஓட்டினால், காற்றுக்கேற்ற பெட்ரோல் கிடைக்காமல் கலவை மெலிந்துவிடும். இதனையே மெக்கானிக்குகள் ‘லீன்’ என்கின்றனர். ஒரே தடத்திலும் குளிர்ந்த காலைக்கும் வெயில் ஏறிய நண்பகலுக்கும் இடையே இந்த வேறுபாடு ஏற்படும்.

ஸ்பார்க் பிளக் சொல்லும் செய்தி

கலவையின் நிலையை அறிய எளிய வழி, ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. இளம்பழுப்பு நிறம் சரியான கலவையைக் குறிக்கும். வெளுத்திருந்தால் கலவை மெலிந்துள்ளது. கரிபடிந்து ஈரமாக இருந்தால் எரிபொருள் அதிகம்.

எரிபொருள் சற்று அதிகமானால் இழப்பது சில நொடிகளே. குறைந்தால் எஞ்சினையே இழக்க நேரிடும். எனவே, புதிய தடத்தில் சற்றுப் பெரிய ஜெட்டுடன் தொடங்கி, பிளக்கைப் பார்த்துப் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பான முறை.