போத்தலில் காக்கப்படும் மீன்கள்: சிங்கப்பூர்த் தீவின் நீண்ட ஆய்வு

சந்தையில் கெம்போங் மீன் கேட்டால், கடைக்காரர் ஒரே குவியலில் இருந்து அள்ளிப் போடுவார். அந்தக் குவியலில் இரண்டு வகை மீன்கள் கலந்திருக்கலாம். ஒன்று உடல் சற்று நீண்டது. மற்றொன்று குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். முதலாவதை அறிவியல் உலகம் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்தா’ என்கிறது. இரண்டாவது ‘ராஸ்ட்ரெல்லிகர் பிராக்கிசோமா’. பிராக்கிசோமா என்றால் கிரேக்க மொழியில் ‘குட்டை உடல்’ என்று பொருள்.

குழம்புக்கு எந்தக் கெம்போங் என்பது பெரிய விஷயமில்லை. கடலுக்கு அது முக்கியம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவந்தால், ஒரு வகை குறைந்துபோனாலும் யாருக்கும் தெரியாது. மீன்களை வகைபிரித்துப் பெயரிடும் வேலை இதற்காகத்தான் நடக்கிறது. சிங்கப்பூரில் அந்த வேலைக்கு ஏறக்குறைய 200 ஆண்டு வரலாறு உண்டு.

ஓவியத்தில் தொடங்கியது

சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் வில்லியம் ஃபார்குவார், அதற்கு முன் மலாக்காவில் இருந்தபோது, அங்கிருந்த செடிகளையும் விலங்குகளையும் மீன்களையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரைய வைத்தார். அவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. அவர்கள் வரைந்த 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன.

அடுத்து வந்தவர் தியோடர் கேண்டர். டென்மார்க்கைச் சேர்ந்த இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மலாயாக் கரைகளிலும் மீன் சேகரித்த அவர், 1849ஆம் ஆண்டு மலாயா மீன்களின் விரிவான பட்டியலை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

பினாங்கில் கிடைத்த ஒரு சிறிய மீனுக்கு அவர் ‘பக்னாக்ஸ்’ என்று பெயரிட்டார். லத்தீனில் ‘சண்டைக்காரன்’ என்று பொருள். சயாமில் பந்தயத்துக்கு வளர்க்கும் சண்டை மீனும் அதே மீன்தான் என்று பின்னர் பலரும் நம்பினர். அது தவறு என்று 1910இல் சுட்டிக்காட்டிய பிரிட்டிஷ் அறிஞர் டேட் ரீகன், சயாம் மீனுக்கு ‘பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்’ என்ற தனிப் பெயர் கொடுத்தார். சயாம் மீன் நீர்மேல் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். பினாங்கு மீனில் ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஒரு பெயருக்குள் இரண்டு வாழ்க்கைகள் மறைந்துகிடந்தன.

கடல் கடந்துபோன மாதிரிகள்

கெம்போங்குக்கு ‘குட்டை உடல்’ என்று 1851இல் பெயர் வைத்தவர் பீட்டர் பிளீக்கர். பெரும்பாலும் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு ராணுவ மருத்துவராக 1842 முதல் 1860 வரை பணியாற்றினார். சிங்கப்பூரில் பிடிபட்ட மீன்களும் அவர் மேசைக்குப் போயின. மீன்களைப் பற்றி 500க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார்.

ஒரு மீனுக்குப் புதிதாகப் பெயர் வைக்கும்போது, அந்தப் பெயருக்கு ஆதாரமாக ஒரு மீனையாவது பத்திரப்படுத்த வேண்டும். அதை ‘மூல மாதிரி’ எனலாம். செதில்களின் வரிசை, துடுப்பு முட்களின் எண்ணிக்கை, பல்லின் அமைப்பு எல்லாவற்றையும் பின்னால் வருவோர் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கேண்டரின் மீன்கள் லண்டனுக்கும் பிளீக்கரின் மீன்களில் பெரும்பங்கு நெதர்லாந்தின் லெய்டன் நகருக்கும் போய்ச் சேர்ந்தன. இங்குள்ள மீனைச் சரிபார்க்க ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டிய நிலை.

உள்ளூரில் சேர்ந்த சேகரிப்பு

1887இல் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் இயங்கிய கட்டடம் திறக்கப்பட்டது. மீன் மாதிரிகள் இங்கேயே சேரத் தொடங்கின. அங்கு பணியாற்றிய மைக்கேல் டுவீடி, 1936இல் அரும்பொருளகத்திலிருந்த மீன்களின் பட்டியலை வெளியிட்டார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தாவரவியல் பூங்காவின் துணை இயக்குநர் கார்னரும் ஜப்பானியப் பேராசிரியர் தனகதாதேயும் அரும்பொருளகம் சூறையாடப்படாமல் காத்தனர். எதிரெதிர் நாட்டவர் இருவர் சேர்ந்து காப்பாற்றிய பொக்கிஷம் அது.

போருக்குப் பின் விலங்கியல் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர்களில் எரிக் ஆல்ஃப்ரெட் முக்கியமானவர். சிங்கப்பூரின் நன்னீர் மீன்களைப் பற்றிய அவரது நூல் 1966இல் வெளிவந்தது. தீவு சுதந்திர நாடான மறு ஆண்டே அதன் ஓடைகளில் என்னென்ன மீன்கள் உள்ளன என்பதற்கு ஒரு முறையான கணக்கு கிடைத்தது. அந்த நூல் அச்சானதும் லெய்டனில்தான்.

வீடிழந்த மீன்கள்

போரில் தப்பிய சேகரிப்பு, அமைதிக் காலத்தில் ஆபத்தைச் சந்தித்தது. 1970களின் தொடக்கத்தில் அரும்பொருளகம் வரலாற்றிலும் கலையிலும் கவனம் செலுத்துவதென முடிவாயிற்று. மீன் போத்தல்களுக்கும் பாடம் செய்த விலங்குகளுக்கும் அங்கே இடமில்லாமல் போனது. வேகமாக வளர்ந்துவந்த நாட்டில், செத்த மீனை எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

பல்கலைக்கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நிலையான இடம் கிடைக்கவில்லை. சேகரிப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டுகளில் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் காப்பாளர் திருவாட்டி யாங் சாங் மான். சாராயம் வற்றினால் மீன் கெடும். சீட்டு அழிந்தால் அது எந்த ஓடையில், எந்த நாளில் பிடிபட்டது என்பது தெரியாமல் போகும். அப்படி ஆகாமல் காப்பது யார் கண்ணிலும் படாத வேலை.

1980களின் பிற்பகுதியில் கென்ட் ரிட்ஜ் வளாகத்தில் சேகரிப்புக்கு இடம் கிடைத்தது. லீ அறக்கட்டளையும் பொதுமக்களும் தந்த நன்கொடையால் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015இல் திறக்கப்பட்டது.

பலன் என்ன?

காப்பாற்றிய சேகரிப்பைச் சுற்றி உள்ளூர் ஆய்வாளர்கள் உருவானார்கள். அவர்களில் ஒருவரான டான் ஹியோக் ஹுய், ஐரோப்பிய அறிஞர்களுடன் சேர்ந்து 2006இல் சுமத்ராவின் கரிச் சதுப்புக்காட்டு மீன் ஒன்றுக்குப் பெயரிட்டார். ‘பீடோசிப்ரிஸ் புரோஜெனெடிகா’ என்ற அந்த மீன், 7.9 மில்லிமீட்டர் நீளத்திலேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். ஒரு நெல்மணி அளவுகூட இல்லை. மீன் குஞ்சு என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றை, முழு வளர்ச்சி பெற்ற தனி வகை என்று கண்டுசொல்ல வகைப்பாட்டு அறிவு வேண்டும்.

இன்னொரு பலன் சற்றே வருத்தமானது. பழைய போத்தல்களின் சீட்டுகளையும் இன்றைய ஓடைகளையும் ஒப்பிட்டால், ஒரு காலத்தில் தீவில் இருந்த சில மீன்கள் இன்று இல்லை என்பது தெரிகிறது. காடு அழிந்தது, ஓடைகள் கால்வாய்களாயின, வெளியூர் மீன்கள் நீர்த்தேக்கங்களில் விடப்பட்டன. எஞ்சியிருக்கும் நன்னீர்ச் சதுப்புக்காடான நீ சூன், பல உள்ளூர் மீன்களுக்குக் கடைசிப் புகலிடம். அதைக் காக்க வேண்டும் என்று வாதாடுவோர் கையில் இருக்கும் ஆதாரம் இந்தச் சீட்டுகள்தான்.

வளர்த்துச் சலித்த மீனை நீர்த்தேக்கத்தில் விடாதிருப்பது எல்லாராலும் முடிந்த உதவி. அது அந்த மீனுக்கும் நல்லதல்ல, ஓடையின் மீன்களுக்கும் நல்லதல்ல, சட்டப்படியும் குற்றம். போத்தலில் இருக்கும் மீன் ஓடையிலும் இருக்கும்வரைதான் அந்தச் சீட்டு ஒரு முகவரி. ஓடையில் இல்லாமல் போனால், அது இரங்கல் குறிப்பாகிவிடும்.