பிளேட்லெட்டுக்குக் கீழே ஒரு வரி

உக்காருங்கண்ணே, டீ வருது. பையன் ரிப்போர்ட்டை இப்படிக் கொடுங்க. டெங்குன்னதும் ஊரே பிளேட்லெட் எவ்வளவுன்னுதான் கேக்குது. பப்பாளி இலைக்கு அலையுறதும் அதுக்குத்தான். அதுக்குக் கீழே எஸ்.ஜி.ஓ.டி. 310, எஸ்.ஜி.பி.டி. 140ன்னு இருக்கே, அதை யாரும் பாக்குறதில்ல.

ரெண்டும் கல்லீரல் செல்லுக்குள்ள இருக்குற என்சைம். ரத்தத்துல சுமாரா 40 யூனிட்டுக்குள்ள இருக்கணும். செல் அடிபட்டா வெளிய கசிஞ்சு அளவு ஏறும். டெங்குல பெரும்பாலானவங்களுக்குக் கொஞ்சமாவது ஏறத்தான் செய்யும். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலயும் இருக்குறதால அதுதான் முந்தி நிக்கும். டெங்கு உடம்பை எப்படி முறிச்சுப் போடுதுன்னு பாத்தீங்கல்ல? அதனால 310ஐ முழுக்கக் கல்லீரல் கணக்குல எழுத முடியாது. அதே சமயம், கண்ணு மஞ்சளாகலையேன்னு நிம்மதியாவும் இருக்கக் கூடாது. டெங்குல கல்லீரல் அடிபட்டாலும் பல பேருக்குக் காமாலை தெரியாது.

வைரஸ் நேரா கல்லீரல் செல்லுக்குள்ள புகுந்துடுது. அதை விரட்டக் கிளம்புற நம்ம எதிர்ப்புச் சக்தியும் சேந்து அடிக்குது. இதைவிட மோசம், ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு, பிரஷர் இறங்கி, கல்லீரலுக்குப் போற ரத்தமே குறையுறது. இந்தக் கசிவு வர்றது காய்ச்சல் விடுற சமயத்துல. வீட்டுப் பெரியவங்க ‘காய்ச்சல் விட்டுடுச்சே, டிஸ்சார்ஜ் கேளு’ன்னு சொல்றதும் சரியா அன்னைக்குத்தான்!

உலக சுகாதார நிறுவனம் 2009ல வகுத்தபடி, இந்த ரெண்டுல ஒண்ணு 1000ஐத் தொட்டாலே கடுமையான டெங்கு. பிளேட்லெட் நல்லா இருந்தாலும் அப்படித்தான். 310 அந்த இடத்துல இல்ல. ஆனா நாளைக்கு ஏறுதா, இறங்குதான்னு கேட்டுக்குங்க. வயித்து வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், ஆள் மந்தமாகுறது, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் நர்ஸை எழுப்புங்க.

வீட்டுல என்ன மாத்திரை கொடுத்தீங்க? டோலோ 650 நாலு வேளையா? அதுவே 2.6 கிராம் பாராசிட்டமால். மேல சளி மாத்திரை வேற. அதுல பலதுலயும் பாராசிட்டமால்தான் கலந்திருக்கு. நல்லா இருக்குற பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், அடிபட்ட கல்லீரல் அதைத் தாங்காது. புரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி பக்கமே போகாதீங்க, ரத்தக் கசிவுல கொண்டு விடும்.

டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போய், இதுவரைக்கும் கொடுத்த மாத்திரை அட்டை, கஷாயப் பொடி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வந்து டியூட்டி டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே.