பழைய லாரியின் கியர்ப்பெட்டி

அமெரிக்க நாட்டில் பழைய லாரிகளைச் செப்பனிட்டு, அவை ஆலையினின்று வெளிவந்த நிலைக்கே கொணர்வோர் பலர். அவர்கள் முன் எழும் வினாக்களுள் ஒன்று, “இக்கியர்ப்பெட்டி தொடக்கத்திலேயே வண்டியில் இருந்ததா, பின்னர் மாற்றப்பட்டதா?” என்பதாகும். விடை தவறினால் வாங்கும் உறுப்புகள் பொருந்தா. பொருளும் உழைப்பும் வீணாகும்.

1960ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவ்ரோலே லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அக்காலத்து நான்கு கியர்ப் பெட்டிகளுள் ஒன்று எஸ்.எம். 420 என்பது. 1968ஆம் ஆண்டில் எஸ்.எம். 465 அதன் இடத்தைப் பெற்றது. இரண்டும் வார்ப்பிரும்புக் கூடு உடையவை. அழுக்குப் படிந்திருக்குங்கால் தோற்றம் ஏமாற்றக்கூடும். சுற்றுக் கணக்கு ஏமாற்றாது.

பெருஞ்சுமையை நகர்த்த உதவும் முதற் கியரில், எஞ்சின் பக்கத்துத் தண்டு பல சுற்றுகள் சுழன்றால்தான் வெளித்தண்டு ஒரு சுற்றுச் சுழலும். பெட்டியைக் கழற்றி, முதற் கியரில் வைத்து, அச்சுற்றுகளைக் கையால் சுழற்றி எண்ணுதல் வேண்டும். ஏழுக்குச் சற்று மிகுந்தால் அது 420. அதன் விகிதம் 7.05. ஏறத்தாழ ஆறரையாயின் அது 465; அதன் விகிதம் 6.55. பின்னது 1960ஆம் ஆண்டு லாரிக்கு உரியதன்று.

முன்னதாயினும் உடனே முடிவு கட்டலாகாது. அது வேறொரு லாரியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம். தொடக்கத்தில் மூன்று கியர்ப் பெட்டியே இருந்திருக்கவும் கூடும். ஆதலின், கூட்டிலுள்ள வார்ப்பு எண்களையும் வண்டியின் பழைய ஆவணங்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும். ‘அன்று’ என மறுக்க ஒரு சான்றே போதும். ‘ஆம்’ என உறுதி கூறப் பல சான்றுகள் வேண்டும்.