ஆற்றை வரையக் கற்றல்

ஓவியம் என்றதும் நம் சமுதாயப் பெரியோர் சிலரிடம் ஒரு தயக்கம் எழுவதுண்டு. அத்தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும், படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து வினவியபோது, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையலாம் என அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஆறும் வானும் கரைமரங்களும் அவ்வெல்லைக்குள் அடங்குவனவே. எனவே, எண்ணெய் வண்ணத்தால் ஆற்றுக் காட்சி தீட்டும் கலையை, அதில் புதுநெறி கண்ட பிரெஞ்சு ஓவியர்களின் வழிநின்று ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

1874ஆம் ஆண்டு பாரிசில் நடந்த கண்காட்சியில் குளோத் மோனேயின் துறைமுகக் காட்சி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதன் தலைப்பில் இருந்த 'இம்ப்ரஷன்' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு லூயி லெருவா என்னும் இதழாளர் எள்ளி நகையாடினார். அந்த ஏளனமே 'இம்ப்ரஷனிசம்' என்னும் பெயராக நிலைத்தது. மனப்பதிவு ஓவியம் என நாம் அதனைத் தமிழில் கூறலாம்.

இவ்வோவியர்களுக்குப் பள்ளிக்கூடமாய் அமைந்தது செய்ன் ஆறு. 1869இல் மோனேயும் ரெனுவாரும் அதன் கரையில் ஒரே இடத்தை அருகருகே அமர்ந்து வரைந்தனர். பின்னர் அர்ஜான்தேய் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, மோனே ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி நீரின் நடுவிலிருந்து வரைந்தார். இதற்கு ஒரு சிறு கருவியும் துணைநின்றது. முன்பெல்லாம் குழைத்த வண்ணத்தை விலங்கின் நீர்ப்பையில் அடைத்து வைப்பர். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்பார் உலோகக் குழாயைக் கண்டறிந்த பின்னரே, வண்ணங்களை எளிதில் வெளியே எடுத்துச் செல்ல முடிந்தது.

இனி, கற்கும் முறைக்கு வருவோம். முதற்பாடம் கைக்கன்று, கண்ணுக்கே. 'நீர் நீலம், இலை பச்சை, நிழல் கறுப்பு' என நம் அறிவு முந்திக்கொண்டு தீர்ப்பு வழங்கிவிடுகிறது. பொருளிலிருந்து ஒளி கண்ணை வந்தடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளக்கிய இப்னு அல் ஹைதம், நாம் பார்ப்பனவற்றுள் பலவற்றை நினைவும் தீர்ப்புமே அறிவிக்கின்றன என்பதையும் எடுத்துரைத்தார். அந்த முன்தீர்ப்பை விலக்கி, வந்தடைந்த ஒளியை மட்டும் வரைவதே மனப்பதிவு ஓவியத்தின் சாரம்.

கண்களைப் பாதி மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்க வேண்டும். நுணுக்கங்கள் மறைந்து இருள், இடைநிலை, வெளிச்சம் என்னும் மூன்று பகுதிகளே எஞ்சும். டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்த வண்ணத்தால் அவற்றை முதலில் கித்தானில் பரப்ப வேண்டும். நீரைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் நினைவிற்குரியன. பொருளின் பிம்பம் அதற்கு நேர்கீழாகவே விழும். இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும், வெளிறிய பொருளின் பிம்பம் சற்று இருண்டும் தோன்றும். தொலைவிலுள்ள நீர் வானத்தைக் காட்டும். காலடியிலுள்ள தெளிந்த நீரோ தன் அடிமண்ணைக் காட்டும்.

அலைகளை அகலத் தூரிகையின் குறுக்குக் கீற்றுகளால் அமைக்கலாம். அருகில் பெரியனவாகவும் தொலைவில் மெல்லியனவாகவும் அவை அமைதல் வேண்டும். நிழலுக்குக் கறுப்பைத் தேடாமல் நீலத்தையும் ஊதாவையும் நாடுதல் நலம். அருகருகே வைத்த எதிர்நிறங்கள் ஒன்றையொன்று மிகுத்துக் காட்டும் என 1839இல் செவ்ருல் என்னும் வேதியியலறிஞர் நூலெழுதி விளக்கினார். ஆதலால் ஆரஞ்சு நிறக் கீற்றை நீலத்தோடு குழைத்து மங்கச் செய்யாமல், அதனருகே வைத்தால் நீர் ஒளிரும்.

எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம்போல் ஆவியாகிக் காய்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து மெல்ல இறுகுவது. எனவே கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் வெடிப்புக் காணும். ஒரே அமர்வில் ஈரத்தின் மேல் ஈரமாய்த் தீட்டுவோர், கீற்றை வைத்தபின் மீண்டும் தேய்க்காதிருத்தலே சிறப்பு.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஒளி மாறிவிடும். அதன்பின் தொடர்ந்தால் இரு வேறு பொழுதுகள் ஒரே படத்தில் கலந்துவிடும். 1896, 1897ஆம் ஆண்டுகளில் செய்ன் ஆற்றின் காலைப்பொழுதுகளை வரைந்த மோனே, விடியுமுன்பே படகேறி, ஒளி மாறுந்தோறும் கித்தானை மாற்றிக்கொண்டார். ஆறு அதுவே; ஆயினும் ஒவ்வொரு படமும் வேறு.

மாணவச் செல்வங்களே! உங்கள் முதற்படம் செவ்வனே அமையாது போகலாம். ஆனால் ஒரு மணி நேரம் நீரை உற்று நோக்கியவர், அதனை மீண்டும் 'நீலம்' என்று எளிதில் சொல்லிவிட மாட்டார். வானங்களையும் பூமியையும் நோக்குமாறு திருமறை நம்மைத் திரும்பத் திரும்ப அழைக்கின்றது. அறிந்ததாக எண்ணியவற்றை மீண்டும் ஒருமுறை நோக்கப் பழக்கும் இக்கலையை, பெரியோர்களும் ஆசிரியர்களும் தயக்கமின்றி ஊக்குவித்தல் வேண்டும் என்பதே நம் விழைவு.