பெயரும் மருந்தும்

காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மக்கள் உட்கொள்ளும் பாராசிட்டமால் என்னும் மருந்து, கடைகளில் குரோசின், கால்பால் எனப் பல பெயர்களில் விற்கப்படுகிறது. பெயர்கள் பலவாயினும் நோயைத் தணிக்கும் பொருள் ஒன்றே. பாராசிட்டமால் என்பது அப்பொருளின் பொதுப்பெயர். ஏனையவை அதனை விற்கும் நிறுவனங்கள் இட்ட வணிகப் பெயர்கள். மருத்துவர் வணிகப் பெயரைச் சீட்டில் எழுதியிருக்க, அதே பொருள் அடங்கிய விலை குறைந்த வேறொரு மருந்தை மருந்தாளுநர் எடுத்துக் கொடுக்கலாமா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும், ஏழையின் பொருள்நிலையும் நோயாளியின் உயிரும் இதனைச் சார்ந்துள்ளன.

புதிய மருந்து ஒன்றைக் கண்டறிந்து, அது தீங்கற்றது, பயனுடையது என மெய்ப்பிக்கப் பல ஆண்டுகளும் பெரும்பொருளும் செலவாகும். அச்செலவை ஈடுசெய்யும் பொருட்டு, கண்டறிந்தவர்க்கு அரசு காப்புரிமை வழங்குகிறது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அதன் காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அது முடிந்தபின் பிறரும் அம்மருந்தைச் செய்யலாம். அவர்கள் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. செய்வோர் பலராகவே போட்டியும் மிகும். ஆதலின் விலை குறைகிறது.

ஆயினும், விலை குறைந்த மருந்து நோயாளியின் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1950-களில் பெரும்பாலான மாநிலங்கள், சீட்டில் எழுதிய மருந்தை மாற்றிக் கொடுப்பதைச் சட்டத்தால் தடுத்தன. போலி மருந்துகள் புகாதிருக்க இத்தடை வேண்டுமெனக் கருதப்பட்டது. அதனால், அதே பொருள் குறைந்த விலைக்குக் கிடைத்தும், மருந்தாளுநர் அதனைக் கொடுக்க இயலாதவராயினார். மருந்துச் செலவு மக்களுக்குப் பெருஞ்சுமையாகவே, 1970-களில் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அத்தடையை நீக்கத் தொடங்கின.

பொருள் ஒன்றாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது. வலிப்பு நோய்க்குரிய பெனிட்டாயின் மருந்துடன் நிரப்புப் பொருளாகக் கால்சியம் சல்பேட்டு சேர்க்கப்பட்டு வந்தது. 1968-ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாகப் பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் சேர்க்கப்பட்டது. மருந்தின் அளவு சிறிதும் மாறவில்லை. எனினும், உடல் அதனை முன்னிலும் மிகுதியாக உறிஞ்சிக்கொண்டது. இரத்தத்தில் மருந்து அளவு மீறவே, நோயாளிகள் பலர் தலைசுற்றலுக்கும் நடைத் தள்ளாட்டத்திற்கும் ஆளாயினர். மாத்திரையில் இருப்பது எவ்வளவு என்பதோடு, இரத்தத்தில் சேர்வது எவ்வளவு என்பதையும் அறிதல் வேண்டும் என்பது இதனால் விளங்கியது.

இதனை அறியவே சமநிலைச் சோதனை செய்யப்படுகிறது. நல்ல உடல்நலமுடைய சிலர்க்கு முன்னோடி மருந்தையும் புதிய மருந்தையும் வெவ்வேறு காலங்களில் கொடுப்பர். பிறகு பல மணி நேரம் இரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்து, அதில் சேர்ந்துள்ள மருந்தை அளப்பர். முன்னோடி மருந்தின் அளவை 100 எனக் கொண்டால், புதிய மருந்தின் சராசரிக்குக் கணிக்கப்படும் எல்லை முழுவதும் 80-க்கும் 125-க்கும் இடையே அடங்க வேண்டும். மாத்திரையின் மருந்தளவு அவ்வளவு கூடலாம், குறையலாம் என்பது இதன் கருத்தன்று. எல்லை முழுவதும் அதனுள் அடங்க வேண்டுமாயின், சராசரி 100-ஐ ஒட்டியே நிற்றல் வேண்டும்.

1980-இல் அமெரிக்க அரசு, ஒன்றற்கொன்று மாற்றத்தக்க மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பெயர் மருந்துகள் சோதனை வழியே எளிதில் இசைவு பெற வகை செய்தது. மாற்றுதல் கூடாது எனக் கருதும் மருத்துவர் அதனைச் சீட்டில் குறிக்கலாம். ஆயினும், 1989-இல் ஓர் ஊழல் வெளிப்பட்டது. தம் மருந்துக்குப் பதிலாக முன்னோடி மருந்தையே சோதனைக்குக் கொடுத்து ஏய்த்த நிறுவனங்களும் அங்கு இருந்தன. சோதனை நேர்மையாக நடந்தாலன்றி அதன் முடிவை நம்புதல் இயலாது. ஆதலின் கண்காணிப்பும் இன்றியமையாதது.

இந்தியாவில் நிலை வேறு. மருத்துவர் சீட்டின்பேரில் மட்டுமே விற்கத்தக்க மருந்துகளுக்கு மாறாக, மருந்தாளுநர் தாமே வேறொன்றைக் கொடுக்க 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் இடந்தருவதில்லை. எனவே, மருத்துவர் பொதுப்பெயரை எழுதினாலன்றி அத்தகைய மருந்தில் நோயாளிக்கு விலைக்குறைவு எளிதிற் கிட்டாது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளைப் பொதுப்பெயரால் மொத்தமாக வாங்கி, ஆய்வகங்களில் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மத்திய அரசு 2008-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மக்கள் மருந்தகங்கள் இத்தகைய மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்கின்றன.

நோயாளி தாமே மருந்தை மாற்றிக்கொள்ளுதல் தவறு. வலிப்பு நோய்க்குரிய மருந்துகளில் அது பெருந்தீங்கும் விளைவிக்கலாம். விலை குறைந்த மருந்து உண்டா என மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. மருந்தின் உறையில் பொதுப்பெயரும் அளவும் காலாவதி நாளும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றைப் படித்தறிதல் யாவர்க்கும் கடமை. விலை மிகுந்தது என்பதால் ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது. விலை குறைந்தது என்பதால் தாழ்ந்ததாகியும் விடாது. நேர்மையான சோதனையே மருந்தின் தகுதியைக் காட்டும் உரைகல்லாகும்.