ஒரே மாத்திரை, வேறு வேறு கல்லீரல்

திருச்சியில் தில்லைநகரிலோ புத்தூரிலோ ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் குளோபிடோக்ரெல் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிடலாம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களும் தினமும் விழுங்கும் 75 மில்லிகிராம் மாத்திரை அது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் தடுப்பது அதன் வேலை. ஆனால் மாத்திரையாக இருக்கும்வரை அதற்கு அந்தச் சக்தி கிடையாது. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் அது மருந்தாகிறது. மாற்றும் நொதி பிறவியிலேயே பலவீனமாக அமைந்தவருக்கு, வேளை தவறாமல் விழுங்கினாலும் பலன் குறைவுதான். அந்தப் பலவீனம் யாருக்கு இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்ல இன்று ஒரு மரபணுச் சோதனை இருக்கிறது.

வலப்பக்க விலா எலும்புகளுக்கு அடியில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். குடல் உறிஞ்சிய மருந்து நேராக உடம்பெங்கும் பரவிவிடுவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் வந்து சேர்கிறது. காவிரித் தண்ணீர் ஸ்ரீரங்கத்தைத் தொடுவதற்கு முன் முக்கொம்பு மேலணைக்கு வந்தாக வேண்டும். காவிரியில் எவ்வளவு, கொள்ளிடத்தில் எவ்வளவு என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. அதேபோல, விழுங்கிய மருந்தில் உடம்புக்கு எவ்வளவு, கழிவுக்கு எவ்வளவு என்று பிரித்துவிடும் இடம் கல்லீரல்.

இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் மருந்தின் மூலக்கூறை உடைக்கிறது அல்லது மாற்றுகிறது. மனிதரில் இக்குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உண்டு. இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அந்த மூலக்கூறோடு ஒரு சிறு துணுக்கை ஒட்டி, தண்ணீரில் கரையும்படி ஆக்கி, சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியேற்றுகின்றன. பாரசிட்டமாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு சிறு பங்கு முதல் கட்டத்தில் நச்சுப்பொருளாகவே மாறுகிறது. இரண்டாம் கட்டத்துக்கான குளூட்டாதயோன் கையிருப்பில் இருக்கும்வரை ஆபத்தில்லை. அளவுக்கு மீறி விழுங்கும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துபோகிறது, கல்லீரல் செல்கள் சாகின்றன.

இந்த நொதிகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை உலகம் அறிந்துகொண்டதில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய்க்குப் புதிதாக வந்திருந்த ஐசோனியசிட் மருந்தைச் சிலர் உடம்பு சீக்கிரம் செயலிழக்கச் செய்கிறது, சிலர் உடம்பு மெதுவாகச் செய்கிறது என்பதை அங்கிருந்தவர்கள் கவனமாகத் தொடர்ந்து பார்த்தார்கள். மெதுவாகச் செய்பவர்களின் உடம்பில் மருந்து நெடுநேரம் தங்குகிறது. கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு அவர்களுக்கே அதிகம் வருகிறது என்று 1960-இல் அந்த மையம் வெளியிட்டது. ஐசோனியசிட்டோடு இன்றும் பி6 வைட்டமின் மாத்திரை சேர்த்துத் தரப்படுவது அந்தக் கோளாறைத் தடுக்கத்தான். மறுபக்கம், வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, சீக்கிரம் செயலிழக்கச் செய்பவர்களுக்குக் குணம் குறைவாக இருந்தது. தென்னிந்தியர்களில் பத்துக்கு ஆறு பேர்போல ‘மெதுவான’ வகையினர். என்ஏடி2 என்ற ஒரே மரபணுதான் இதற்குக் காரணம்.

அடுத்த சான்று கோவையிலிருந்து. அறுவை சிகிச்சைக்கு முன் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்காக, தசைகளைத் தளரச் செய்ய சக்சினைல்கோலின் என்ற ஊசி போடுவார்கள். கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் விடும் ஒரு நொதி அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும், மூச்சும் திரும்பிவிடும். ஆரிய வைசிய சமூகத்தைச் சேர்ந்த சிலருக்கு மட்டும் மூச்சு திரும்ப மணிக்கணக்கில் ஆவதை மயக்க மருத்துவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். அந்த நொதியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம் என்று பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் காட்டினார்கள். இது நோயல்ல. அந்த ஊசியைத் தொடாதவரை வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் வேறு மருந்து போட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

தொடக்கத்தில் பார்த்த குளோபிடோக்ரெலை மாற்றும் முக்கிய நொதியின் பெயர் சிஒய்பி2சி19. புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தன் குழுவினர் தமிழர்களிடம் இதன் மரபணுவை ஆராய்ந்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு. தமிழர்களிடம் இருக்கும் பிரதிகளில் நூற்றுக்குச் சுமார் 38, வேலை செய்யாத ‘நட்சத்திரம் 2’ (*2) வகை. ஐரோப்பியரிடம் இது 15 அளவில்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், நம்மில் பாதிப்பேருக்கு மேல் குறைந்தது ஒரு பிரதி செயலற்றது. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இரண்டுமே செயலற்றவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-இல் குளோபிடோக்ரெலின் மருந்துக் குறிப்பேட்டில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்துத்தான். மற்ற நாட்டவரைவிட நாம் அதிகம் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

சோதனை எளிமையானது. வெறும் வயிறு வேண்டியதில்லை. ஊதா மூடி போட்ட குப்பியில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள், அல்லது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். அதிலுள்ள செல்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பிசிஆர் கருவியில் கோடிக்கணக்கில் பெருக்கி, குறிப்பிட்ட இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்க்கிறார்கள். அறிக்கையில் கண் தேட வேண்டியது ஒரே வரியைத்தான். *1/*1 என்றால் இரண்டு பிரதியும் நல்லவை. *1/*2 என்றால் ஒன்று பழுது. *2/*2 என்றால் இரண்டும் பழுது. *17 என்ற குறி, அந்தப் பிரதி வழக்கத்தைவிட வேகம் என்பதைக் காட்டும். இரண்டும் பழுதானவருக்கு இதய மருத்துவர் டிகாக்ரெலார் அல்லது பிராசுக்ரெலைப் பரிசீலிப்பார். ஆனால் அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தானாக மாத்திரையை நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட மரபணுச் சோதனை பயத்தைத் தீர்ப்பதும் உண்டு. வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து பரமபத வாசலைக் கடந்து வந்த ஒருவருக்கு, மறுநாள் கண் லேசாக மஞ்சளாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் காமாலை என்று வீடே பதறும். கில்பர்ட் நிலை உள்ளவர்களுக்குப் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கொஞ்சம் ஏறும், சாப்பிட்டதும் இறங்கிவிடும். பிலிருபினை வெளியேற்றும் யுஜிடி1ஏ1 நொதி பிறவியிலேயே மெதுவாக வேலை செய்வதுதான் காரணம். கல்லீரல் நன்றாகவே இருக்கும், சிகிச்சையும் தேவையில்லை. கல்லீரல் நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்குமேல் சந்தேகம் இருந்தால் இந்த மரபணுவைப் பார்க்கலாம். புற்றுநோய்க்கு இரினோடெக்கான் மருந்து கொடுக்கும்போது இதே தகவல் அளவை முடிவுசெய்யவும் உதவும்.

மரபணுச் சோதனையையும் கல்லீரல் பரிசோதனையான எல்.எஃப்.டி.யையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்.எஃப்.டி. சொல்வது இன்றைக்குக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்பதை. மதுவும் கொழுப்பும் மஞ்சள் காமாலைக் கிருமியும் செய்த சேதம் அதில்தான் தெரியும். மரபணு அறிக்கையில் அது தெரியாது. மரபணு மட்டுமே மருந்தின் கதியைத் தீர்மானிப்பதும் இல்லை. வயிற்று எரிச்சலுக்கு வாங்கும் ஒமிப்ரசோல், நல்ல சிஒய்பி2சி19 உள்ளவரிடம்கூட அந்த நொதியைத் தடுத்துவிடும். ‘உங்கள் கல்லீரல் எவ்வளவு நச்சை நீக்கும்’ என்று மொத்தமாகச் சொல்லித்தருவதாக விற்கப்படும் பெரிய மரபணுத் தொகுப்புகளை நான் ஏற்கவில்லை. அவற்றில் அடிக்கடி இடம்பெறும் ஜிஎஸ்டிஎம்1 மரபணு, நலமாக வாழும் கோடிக்கணக்கானோரிடம் இல்லவே இல்லை. அது இல்லை என்று தெரிந்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்றுவதில்லை. அப்படி வாங்கும் பயத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே, கையில் ஒரு குறிப்பிட்ட மருந்தோடு போய்க் கேட்பதுதான் முறை. ஸ்டென்டுக்குப் பின் குளோபிடோக்ரெல், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ரத்தப் புற்றுநோய்க்கு மெர்காப்டோபியூரின், குடல் புற்றுநோய்க்கு ஃபுளூரோயுராசில் என்று எழுதும்போது, ‘டாக்டர், இதுக்கு ஜீன் டெஸ்ட் பார்க்கணுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை எடுத்த முடிவு ஆயுளுக்கும் மாறாது. எந்த ஊருக்கு மாறினாலும், எந்த மருத்துவரிடம் போனாலும் செல்லும். உங்கள் அறிக்கையில் *2/*2 என்று வந்திருந்தால், தாய் தந்தை இருவரிடமும் குறைந்தது ஒரு பழுதான பிரதி இருக்கிறது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதியும் பழுதாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பாவது உண்டு. அண்ணனுக்கோ தங்கைக்கோ நாளைக்கு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், அவர்களுடைய மருத்துவருக்கு இந்த ஒரு வரி உதவும். அதனால் அறிக்கையின் நகலை அவர்களுக்கும் இன்றே கொடுத்துவிடுங்கள்.