வாடிக்கையாளர் தாள்களுக்குத் தனிப் பூட்டு



குடோனில் ஒரு பருப்பு மூட்டையில் வண்டு விழுந்திருந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் அதை மற்ற மூட்டைகளிலிருந்து பிரித்துத் தனியே வைக்கிறோம். காயவைத்துப் புடைப்பதா, திருப்பி அனுப்புவதா என்பதையெல்லாம் பிறகுதான் யோசிக்கிறோம். நம் கடையில் கிடக்கும் சில தாள்களுக்கும் கம்ப்யூட்டர் பதிவுகளுக்கும் இதே முறையைக் கையாள வேண்டிய காலம் வந்துவிட்டது.

எந்தத் தாள்கள் என்று கேட்பீர்கள். திருப்பூரில் நம் வியாபாரத்தில் பெரும்பகுதி பனியன் கம்பெனித் தொழிலாளர்களை நம்பியது. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் வாரப் பற்றைத் தீர்ப்பவர்கள் அவர்கள். பீகார், ஒடிசா போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஏராளம். புதியவருக்குக் கடன் கொடுக்கும்போது ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கி வைப்பது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. கணக்குத் தீர்ந்து அவர் ஊருக்குப் போன பிறகும் அந்தத் தாள் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது. அதன் படம் கடைப் பையனின் செல்போனிலும் இருக்கிறது. வருடக் கடைசியில் பழைய நோட்டுகளோடு எடைக்குப் போனால், அதுவே வேறொரு கடையில் கடுகுப் பொட்டலமாகிறது!

அந்த நகல் தவறான கையில் சிக்கினால், அவர் பெயரில் சிம் கார்டு வாங்கவோ கடன் எடுக்கவோ முயல்வார்கள். போலீஸ் வந்து நிற்பது ஒன்றுமறியாத அந்தத் தொழிலாளியின் வாசலில். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைதாரர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியானதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கசிந்த விவரத்தைத் திரும்ப அள்ள முடியாது. கொட்டிய எண்ணெயைப் போலத்தான்.

பெரிய நிறுவனங்களில் இதற்கென்றே மென்பொருள் உண்டு. ஆதார் என்பது 12 இலக்கம். பான் எண் என்பது 5 எழுத்து, 4 இலக்கம், மீண்டும் 1 எழுத்து. இந்த அமைப்பை வைத்து எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அது தேடுகிறது. இருக்கக் கூடாத இடத்தில் அப்படி ஒரு ஃபைல் கிடைத்தால் உடனே அழித்துவிடுவதில்லை. பூட்டிய தனி இடத்துக்கு மாற்றிவிட்டுப் பொறுப்பாளருக்குத் தகவல் தருகிறது. தேவையான ஃபைலா, வேண்டாததா என்று அவர் பார்த்து முடிவு செய்கிறார். ஐரோப்பிய நாடுகளில் 2018 மே 25 முதல் கடுமையான தகவல் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், அங்கே சரக்கு அனுப்பும் நம் ஊர் ஏற்றுமதியாளர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தொகையைக் கேட்டு யாரும் மிரள வேண்டியதில்லை. தவறின் தன்மையையும் கடுமையையும் பார்த்துத்தான் அபராதம் விதிப்பார்கள். வெறும் காகிதத்தில் மட்டும் உள்ள பற்று நோட்டு இச்சட்டத்தில் வராது. ஆனால் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட நிமிடமே வந்துவிடுகிறது. பில் போடுவதற்குச் செல்போன் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாதென மத்திய நுகர்வோர் துறையும் 2023 மே மாதம் கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது.

நம் அளவில் செய்யக்கூடியவை இவை:

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லா, அலமாரி, கம்ப்யூட்டர், பென் டிரைவ், கடைச் செல்போன்கள் அனைத்தையும் தேடுங்கள். ஆதார், பான், பாங்குக் கணக்கு எண், பணியாளர் சம்பளப் பட்டியல் எது கிடைத்தாலும் ஓரிடத்தில் சேருங்கள்.

2. தாள்களை ஒரு பெட்டியிலும், கம்ப்யூட்டரில் உள்ளவற்றைக் கடவுச்சொல் போட்ட ஒரே ஃபோல்டரிலும் வையுங்கள். சாவியும் கடவுச்சொல்லும் முதலாளியிடமோ ஒரே பொறுப்பாளரிடமோ இருக்கட்டும்.

3. பிறகு தரம் பிரியுங்கள். ஜி.எஸ்.டி. பில்களையும் கணக்குப் புத்தகங்களையும் ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அவற்றை அழித்துவிடாதீர்கள். கணக்குத் தீர்ந்தவரின் ஆதார் நகலுக்கு நம்மிடம் வேலை இல்லை. அதை அவரிடமே கொடுங்கள், அல்லது துண்டு துண்டாகக் கிழித்துவிடுங்கள். செல்போன் படத்தையும் அழியுங்கள்.

4. இனிமேல் அடையாளம் அவசியமானால் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாலே போதும். நகல் வேண்டியே ஆகவேண்டுமென்றால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்குங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது.

5. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ உள்ள விவரம் வெளியே போனது தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் தர வேண்டும் என்பது புதிய விதி.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பெட்டி, ஒரு பூட்டு, அரைநாள் வேலை அவ்வளவே. அசலூரிலிருந்து பிழைக்க வந்தவர் தம் அடையாளத்தையே நம்மிடம் தருகிறார். அதுவும் நம்மிடம் உள்ள அடமானப் பொருள்தான். கணக்குத் தீர்ந்ததும் அதைப் பழுதில்லாமல் திருப்பித் தருவது வணிக நாணயம். எல்லா உறுப்பினர்களும் இம்மாதமே இந்தப் பணியைத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.